ஏழாம் கல்லுக்கு நாலாவது சாட்சி

தொன் அபீலியோவுக்கு நான் தர வேண்டியிருந்தது ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து பெசெத்தா. கோவேறு கழுதை வாங்கிய கடனில் மிச்சம் அது. கழுதை பதினோரு மாதம் உழைத்துவிட்டு வயிறு ஊதிச் செத்துப்போனது. கடன் மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

எங்கள் ஊர் குவெர்வால் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடப்பது போலக் கிடக்கும். முப்பத்தொரு வீடு, ஒரு கோயில், ஒரு பாலம். வெளியே போக இரண்டே வழி. ஆற்றை ஒட்டி மலை இடுக்கு வழியாகக் கீழே இறங்கினால் பஸ் நிற்கும் இடம். சரிவில் ஏறினால் மேட்டுவெளி. மேலே போனால் மேசை மாதிரி சமதரை, மரம் கிடையாது, தைம் புதரும் கல்லும் காற்றும்தான். அதைத் தாண்டினால் ரெதாமர் ஊர். இரண்டு ஊர் எல்லைக்கும் நடுவே பதினோரு கல் நட்டிருக்கும்.

பில்பாவோ நகரத்தில் என் மச்சினன் ஓர் இரும்பு வார்ப்படச் சாலையில் எனக்கு வேலை பிடித்து வைத்திருந்தான். நவம்பர் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். போவதற்கு ஊர்த்தலைவர் கையெழுத்துப் போட்ட நன்னடத்தைச் சீட்டு வேண்டும். ஊர்த்தலைவர் தொன் அபீலியோ. கடைக்காரரும் அவர்தான், கடன்காரரும் அவர்தான். கிண்ணத்தின் மூடியும் அவர் கையில்தான் இருந்தது என்று சொல்லலாம்.

சீட்டுக் கேட்டுக் கடைக்குப் போனேன். காதில் பென்சில் துண்டைச் செருகிக்கொண்டு, சோம்புச் சாராயம் மணக்க உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துதானே? போட்டுடலாம். கடனையும் அடிச்சுடலாம். எனக்கு ஒரு சின்ன வேலை செஞ்சு கொடு, எலூத்தெரியோ."

"சொல்லுங்க, முதலாளி."

"ஏழாவது கல்லை ரெதாமர் பக்கமா நாப்பது எட்டு வச்சு, அங்க தள்ளி நடணும்."

ஏழாவது கல்லிலிருந்து முப்பது எட்டில், ரெதாமர்க்காரர்கள் பக்கம், ஒரு குட்டை இருந்தது. கோடையிலும் வற்றாத குட்டை மேட்டுவெளியில் அது ஒன்றுதான்.

"ஜனவரியில அளக்குற அதிகாரி வர்றாரு. கல்லு எங்க இருக்கோ அங்க கோடு போட்டுட்டுப் போயிடுவாரு. அப்புறம் அவனுங்க ஆட்டுக்குத் தண்ணி காட்ட என்கிட்டதான் வந்து நிக்கணும். வெள்ளிக்கிழமை மூடுபனி இறங்கும், என் முட்டி சொல்லுது. ஒருத்தன் கண்ணுலயும் படாது."

"அடியில சாட்சி இருக்குமே, முதலாளி."

"அதையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போ. கல்லுக்கு வாயா இருக்கு?"

சாட்சி என்றால் இதுதான். எல்லைக்கல் நடும்போது ஒரு தட்டைக் கல்லை மூன்று துண்டாக உடைத்து அடியில் புதைப்பார்கள். தகராறு வந்தால் தோண்டி எடுத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். மூன்றும் ஒட்டினால் கல் நகரவில்லை என்று அர்த்தம். இது போதாதென்று, பத்து வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு ஊரும் சேர்ந்து எல்லை நடக்கும்போது, பழைய சாட்சி செத்துப்போன கல்லுக்கு ஒரு சின்னப் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி ஓங்கி ஓர் அறை கொடுப்பார்கள். வலி மறக்காது, வலித்த இடமும் மறக்காது என்பது கணக்கு.

ஏழாவது கல்லுக்கு அறை வாங்கியவன் நான். எட்டு வயது. அறைந்தவர் எல்லைக்காவலர் நிகானோர். அரிவாளில் மோதிர விரலைப் பறிகொடுத்தவர். என் கன்னத்தில் மூன்று விரலும் ஒரு கட்டைவிரலும் பதிந்து ஒரு வாரம் இருந்தன.

"மூணு சாட்சி கீழே. நாலாவது நீ," என்று அன்றைக்கு அவர் சொன்னார். "கல்லு இருக்குற இடத்துலதாண்டா சாட்சியும் இருக்கணும்."

நிகானோர் செத்துப் பன்னிரண்டு பனிக்காலம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை காசில்தா ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் கட்டிக் கொடுத்தாள்.

"ஏய்யா, மத்த வேலைக்கெல்லாம் இடுப்பு வலி. ஊரான் கல்லைத் திருட மட்டும் விடியறதுக்கு முன்னாடி எழுந்துட்டே."

"நீதானே பில்பாவோ பில்பாவோன்னு உயிரை எடுத்தே?"

"எடுத்தேன்தான். உசுரோட வந்து சேரு, அதுக்குள்ள பானை துணியெல்லாம் மூட்டை கட்டி வைக்கிறேன்." கதவருகில் நின்றவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மணிச்சத்தத்தை விட்டுடாதே."

மேட்டுவெளியில் பனி இறங்கினால் எங்கள் கோயில் மணியைக் கால் மணிக்கு ஒருமுறை மூன்று தட்டு தட்டுவார்கள். மேலே மாட்டிக்கொண்டவன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வர வேண்டும்.

நான் மேலே ஏறியபோது தொன் அபீலியோவின் முட்டி சொன்னது சரியாக இருந்தது. நீட்டிய கையின் விரல் தெரியவில்லை. ஈரமான தைம் வாசனை. காலுக்கடியில் சரளை நொறுங்கும் சத்தம். வேறு எதுவுமில்லை. சரிவின் உச்சியிலிருந்து கற்குவியல்களைத் தடவித் தடவிப் போய் ஏழாவது கல்லைக் கண்டுபிடித்தேன்.

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். கல் சுலபமாக வந்தது. நூறு வருஷம் மண்ணில் இருந்த கல் அப்படி வரக்கூடாது. அடியில் மூன்று துண்டும் இருந்தன. சாக்கில் போட்டுக்கொண்டேன். கல்லைக் கயிறு கட்டி இழுத்து நாற்பது எட்டு எண்ணினேன். குட்டையின் அந்தக் கரையில் குழி வெட்டி, சாட்சிகளை வைத்து, கல்லை நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினேன்.

கடைசி மிதியில் என் இடது கன்னம் சுரீர் என்றது.

குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே மணி மூன்று தட்டு கேட்டது. அதை நோக்கி நடந்தேன். இருநூறு எட்டுக்குள் சரிவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதிரே கறுப்பாக ஏதோ நின்றது. தொட்டுப் பார்த்தேன். நான் நட்ட கல். என் பூட்ஸ் தடம் அதைச் சுற்றி அப்படியே இருந்தது.

பனியில் வட்டம் போடுவது யாருக்கும் நடப்பதுதான். அடுத்த மணிக்குக் காத்திருந்து, சத்தம் வந்த திசைக்கு மூக்கை வைத்து, நூல் பிடித்தது போல நடந்தேன்.

கல்.

மூன்றாவது முறை மணி எனக்குப் பின்னால் அடித்தது. திரும்பினேன். இடப்பக்கம் அடித்தது. பிறகு நாலு பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் அடித்தது.

மேட்டுவெளி முழுவதும் சுருங்கி, பழைய குழிக்கும் புதிய கல்லுக்கும் நடுவில் உள்ள நாற்பது எட்டாகிவிட்டது போல இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் கல். கல்லுக்கு முதுகைக் காட்டி நடந்தால் குழி.

குழியை இரண்டாவது தடவை பார்த்தபோது அது முன்பு இருந்த மூன்று சாண் ஆழமாக இல்லை. இடுப்பளவு ஆழம் இருந்தது.

அடுத்த தடவை நீளமாகியிருந்தது.

ஓர் ஆள் நீளம்.

உள்ளே மண்வெட்டி மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. ஓர் இறக்கு, ஒரு மூச்சு. ஓர் இறக்கு, ஒரு மூச்சு. என் மண்வெட்டி என் கையில் இருந்தது. நனைந்த கம்பளியும் மட்டமான புகையிலையும் கலந்த வாசனை மேலே வந்தது. அந்த வாசனையை எட்டு வயதில் என் முகத்துக்கு மிகப் பக்கத்தில் முகர்ந்திருக்கிறேன்.

"மூணு பேரு போயிட்டாங்க," என்றது கீழேயிருந்து ஒரு குரல். கோபமாக இல்லை. வேலை நடுவே பேசுகிறவன் மாதிரிதான் இருந்தது. "நாலாவது ஆளு?"

ஓடினேன். கல்லில் முட்டி விழுந்தேன்.

அதைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது. குளம்புச் சத்தம் கேட்டுத்தான் தலையைத் தூக்கினேன். தொன் அபீலியோவின் குதிரை. யாரையும் நம்பாத மனிதர், தானே எண்ணிப் பார்க்க வந்திருந்தார்.

"எலூத்தெரியோ! எங்கடா இருக்கே? முடிஞ்சுதா?"

சத்தம் கொடுத்தேன். வந்து இறங்கி, கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் நட்டிருக்கே. ஏண்டா மூஞ்சி வெளுத்திருக்கு? கன்னத்துல என்ன, பொண்டாட்டி கைவரிசையா?"

"முதலாளி, இதைத் திருப்பி நட்டுடலாம். நிகானோர் அந்தக் குழிக்குள்ள இருக்காரு."

"செத்தவனுக்கு எல்லை எதுக்கு? அவனுக்கு ஆறடி அளந்து கொடுத்தாச்சு." அவரே சிரித்துக்கொண்டார். கோட்டுப் பைக்குள் கைவிட்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். "இந்தா, பிடி. கையெழுத்துப் போட்டாச்சு. கடனை வீட்டுக்குப் போய் அடிச்சுக்கறேன். அதுக்கு முன்னாடி நாப்பதுதானான்னு எண்ணிடுறேன். உன்னை மாதிரி ஆளுக்கு முப்பத்தஞ்சும் நாப்பதுதான்."

என்னைக் குதிரையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பழைய குழியை நோக்கிப் போனார். குழியைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்து கத்தினார். "மூணு சாண்தான் இருக்கு, இதைப் பார்த்தா பயந்தே?" பிறகு என் பக்கமாக எண்ணிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

குரல் நெருங்கி வந்தது. முப்பது. முப்பத்தைந்து. எனக்கு நேர் எதிரே பத்தடியில் அவர் வந்திருக்க வேண்டும். சோம்பு வாசனைகூட வந்தது.

"முப்பத்தொம்பது. நாப்பது. நாப்பத்தொண்ணு."

குரல் என்னைத் தாண்டிப் போனது. உருவம் எதுவும் போகவில்லை.

"அம்பத்தெட்டு. அம்பத்தொம்பது. எலூத்தெரியோ, கல்லு எங்கடா?"

குதிரை நடுங்கியது. கடிவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது.

"அறுபத்திரண்டு. டேய், சத்தம் கொடுடா!"

வாயைத் திறந்தேன். இந்தப் பனியில் ஒரு வார்த்தை போதும், "இங்கே" என்ற ஒரு வார்த்தை. அவர் இங்கே வந்திருப்பார். வந்தால் கல்லும் இங்கேயே இருக்கும். கல் இங்கே இருந்தால் நானும் இங்கே. சட்டைக்குள் சீட்டு நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.

கடப்பாரையைக் கொடுத்தேன். கல்லைப் பிடுங்கினேன். மூன்று துண்டையும் சாக்கில் அள்ளிக்கொண்டு, கயிறு தோளை அறுக்க அறுக்க இழுத்தேன். நாற்பது எட்டு. குழி மூன்று சாண் குழியாகவே காத்திருந்தது. மூன்று துண்டையும் உள்ளே வைத்துப் பொருத்திப் பார்த்தேன். ஒட்டின. கல்லை இறக்கி மண்ணைத் தள்ளினேன்.

கன்னத்தின் எரிச்சல் தண்ணீர் ஊற்றினாற்போல அடங்கியது. மணி ஒரே ஒரு திசையில் அடித்தது. இருநூறு எட்டில் சரிவு வந்தது.

"நூத்தி பத்தொம்பது," என்று எனக்குப் பின்னால் தூரத்தில் கேட்டது. "நூத்தி இருபது. கல்லு எங்கடா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

குதிரை மட்டும் ஊருக்கு வந்து சேர்ந்தது. இரண்டு ஊர் ஆட்களும் மூன்று நாள் தேடினார்கள். குட்டையைக்கூட இறைத்துப் பார்த்தார்கள். தொப்பியோ பொத்தானோ கிடைக்கவில்லை. விசாரித்த போலீசிடம் விறகு பொறுக்கப் போனேன், யாரையும் பார்க்கவில்லை என்றேன். அடுத்த வாரம் காசில்தாவோடு பஸ் ஏறிவிட்டேன். இடுக்கு வழியைத் தாண்டும்வரை மூச்சு விடவில்லை.

பில்பாவோவிலும் பனி உண்டு. ஆற்றிலிருந்து எழுந்து தெருவெல்லாம் நிறையும். முதல் குளிர்காலத்தில் உலைக்கு நடந்து போகும் வழியில் பின்னாலேயே கேட்டது.

"இருநூத்தி நாலு. இருநூத்தி அஞ்சு."

திரும்பினால் யாருமில்லை. பனி கலைந்ததும் எண்ணிக்கை நின்றுவிடும். அடுத்த பனியில் விட்ட இடத்திலிருந்து தொடரும். நான் உலையில் வெந்தேன், மாதாகோயில் மாலைப் பள்ளியில் நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கூட்டினேன், ஒரு மகளைப் பெற்றேன். எண்ணிக்கை என் பின்னாலேயே வளர்ந்தது. எழுநூறு. ஆயிரம். காசில்தாவிடம் சொன்னபோது, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றாள். பிறகு, "எதுவரைக்கும் எண்ணுவாராம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

ஒன்பதாவது குளிர்காலம் முடிந்தபோது ஆயிரத்து முந்நூறைத் தாண்டியிருந்தது. அந்த வசந்தத்தில் குவெர்வாலிலிருந்து கடிதம் வந்தது. எல்லை நடக்கும் வருஷம். ஏழாவது கல்லுக்கு உயிரோடிருக்கும் சாட்சி நான் ஒருவன்தான், வந்து கல்லில் கை வைக்க வேண்டும்.

போகாமல் இருந்திருக்கலாம். பில்பாவோவின் அடுத்த பனியில், உலை வாசலில், மகள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கடன் தொகை எண்ணி முடிவதைவிட அங்கேயே முடியட்டும் என்று போனேன்.

தொன் அபீலியோவின் மனைவி தோஞா பெனீதா கறுப்பு உடையில் கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கழுத்தில் தொங்கிய சாவியைத் தொட்டுக்கொண்டார்.

"பணக்காரன் மாதிரி பூட்ஸ் போட்டிருக்கே. உன் கணக்கு இன்னும் பெட்டிக்குள்ள அப்படியே இருக்கு."

"கொண்டுவந்திருக்கேன், அம்மா. வாங்கிக்கங்க."

"எனக்கு வேணாம். எழுதினது அவரு. அவரு வந்து அடிப்பாரு." நோட்டுகளைத் திரும்ப என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் காலை இரண்டு ஊரும் திராட்சை மதுவும் ரொட்டியுமாக மேலே ஏறின. வானம் பளிச்சென்று இருந்தது. ரெதாமர்க்காரர்கள் சாட்சியைச் சரிபார்க்கக் கேட்டதால் ஏழாவது கல்லைச் சாய்த்தார்கள். நான் கை வைத்தேன். ஊர்க் கணக்கர் பழைய புத்தகத்தைப் பார்த்து உரக்கப் படித்தார்.

"ஏழாம் கல். அடியில் மூன்று சாட்சி."

தோண்டியவன் ஒன்றொன்றாக எடுத்து வெளியே வைத்தான். ஒன்று. இரண்டு. மூன்று. கையை மறுபடி உள்ளே விட்டான்.

நாலு.

"ஏம்பா குவெர்வால்காரங்களே," என்றான் ரெதாமர்க்காரன் ஒருவன், "உங்க ஊர்ல கல்லுகூடக் குட்டி போடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். கணக்கர் நாலையும் தரையில் வைத்துப் பொருத்தினார். சிரிப்பு நின்றது. விளிம்போடு விளிம்பு, மயிரிழை விடாமல், நாலும் ஒரே கல்லாக ஒட்டின. பத்து வருஷத்துக்கு முன்னால் நான் மூன்றைப் பொருத்தியபோது நடுவில் எந்த இடைவெளியும் இருக்கவில்லை.

"அப்பவே தப்பா எழுதியிருப்பாங்க," என்று சொல்லிக் கணக்கர் மூன்றை அடித்து நான்கு என்று எழுதினார். நாலாவது துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்கள், திருப்பி வைக்க.

அது வெதுவெதுப்பாக இருந்தது.

இறங்கும்போது பனி வந்தது. ஐந்தே நிமிஷத்தில் முன்னால் போனவனின் முதுகு மறைந்தது. கீழே மணி அடிக்க ஆரம்பித்தது. நான் கடைசி ஆள்.

"ஆயிரத்து முந்நூத்தி முப்பத்தாறு."

இவ்வளவு பக்கத்தில் அது கேட்டதே இல்லை. என் எட்டோடு எட்டு வைத்து நடந்தது. நான் நின்றால் நின்றது. ஓடினால், மூச்சு வாங்காமல், ஓட்டத்துக்கு ஏற்ப எண்ணியது.

"நாப்பது. நாப்பத்தொண்ணு."

சோம்பு வாசனை என் பின்கழுத்தில் ஈரமாகப் பட்டது.

"நாப்பத்துநாலு."

ஓர் எட்டு வைத்தேன்.

"ஆயிரத்து முந்நூத்தி நாப்பத்தஞ்சு."

மணியும் நின்றிருந்தது. தோளுக்குப் பின்னால் யாரோ காத்திருந்தார்கள்.

"முடிஞ்சுதா?" என்று மெல்லக் கேட்டது அந்தக் குரல்.

பத்து வருஷமாக வாய்க்குள் வைத்திருந்த சத்தம் அப்போதுதான் வெளியே வந்தது.

"இங்கே இருக்கேன், முதலாளி. கல்லு இருந்த இடத்துலேயே இருக்கு. முடிஞ்சுது."

என் இடது கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. காது அடைத்துவிட்டது. அடைப்பு விலகியபோது ஒரே ஒரு திசையிலிருந்து மணி அடித்தது.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தோஞா பெனீதா ஆளனுப்பியிருந்தார். போனேன். பெட்டி திறந்திருந்தது. சாவி அவர் கழுத்திலேயே இருந்தது. கணக்குப் புத்தகத்தை என் முன்னால் விரித்தார்.

"இது உன் வேலையா?"

"எது, அம்மா?"

"படி. இப்போ படிக்கத் தெரியுமாமே."

முதல் முறையாக என் பெயரை அந்தப் பக்கத்தில் நானே படித்தேன். கீழே நான் அன்றைக்கு வைத்த கைநாட்டு. அதன் மேல் தொகை. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்து பெசெத்தா. தொகையின் குறுக்கே பென்சிலால் அழுத்தி ஒரு கோடு. பக்கத்தில் முந்தைய நாளின் தேதி. "நிலுவை இல்லை" என்று தொன் அபீலியோவின் சாய்ந்த எழுத்து. கோட்டைத் தொட்டேன். கரி விரலில் ஒட்டியது.

சாட்சி என்று அச்சிட்ட இடத்தில் ஈரம் காயாத மண். மூன்று விரலும் ஒரு கட்டைவிரலும்.

தோஞா பெனீதா என் கன்னத்தையும் அந்தக் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"தீர்ந்துபோச்சு," என்றார். "போ."